பனிக்கடலும் படகும்

(ஏற்காட்டில் பேசியதன் சாரம்)



சேர்வராயன் மலையில், சுமார் 5,000 அடி உயரத்தில் நின்றுகொண்டு, துருவக் கடலில் ஓடும் படகைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். காப்பித் தோட்டத்துக்கும் பனிக்கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். கேள்வி கேட்பதற்காகவே நாம் இங்கு கூடியிருக்கிறோம்.

இவ்வூர் ஏரியில் படகேறினால், "எழுந்து நிற்காதீர்கள்" என்று படகோட்டி ஏன் சொல்லுகிறார்? பாரம் மேலே போனால் படகு கவிழும் என்பதால்தான். இந்தச் சிறு விஷயமே துருவக் கடலில் உயிரைக் குடிக்கிறது. அங்கே கடுங்காற்றில் அலைத்துளி தளத்திலும், கம்பத்திலும், கயிற்றிலும் பட்டவுடன் கட்டியாய் உறைகிறது. 100 சதுர மீட்டர் தளத்தில் 10 சென்டிமீட்டர் கனம் படிந்தால் சுமார் 9 டன் பாரம், அத்தனையும் தலைப்பாரம். 1955 ஜனவரி 26-ந் தேதி ஐஸ்லாந்துக்கு வடக்கே லொரெல்லா, ரொடெரிகோ என்ற இரண்டு மீன்பிடி கப்பல்கள் இவ்வாறே கவிழ்ந்து 40 பேர் மாண்டார்கள்.

இதைத் தலைவிதி என்று விட்டுவிடுவதா? அறிஞர்கள் விடவில்லை. கம்பிகளையும் கயிறுகளையும் குறைத்தார்கள், படகை அகலமாக்கினார்கள், பாரத்தைக் கீழே வைத்தார்கள். நான்சென் என்பவருக்காகக் காலின் ஆர்ச்சர் கட்டிய பிராம் கப்பலின் அடிப்பாகம் பாதித் தேங்காய்போல் உருண்டிருந்தது. பனிக்கட்டி நெருக்கினால் கப்பல் நொறுங்காமல் மேலே வழுக்கி எழும்பும். 1893 முதல் 1896 வரை பனியில் சிக்கியும் அது சேதமின்றித் திரும்பிற்று. பனியுடைக்கும் கப்பலின் மூக்கோ சாய்வானது. அது கட்டியின்மேல் ஏறித் தன் எடையாலேயே உடைக்கிறது.

இரும்பும் குளிரில் குணம் மாறும். 1943 ஜனவரியில் அமெரிக்காவில் போர்ட்லாண்ட் துறைமுகத்தில், புதிதாய்க் கட்டிய ஷெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல், அலையில்லாத நீரிலேயே இரண்டாய்ப் பிளந்தது. காரணத்தை ஆராய்ந்த பிறகே குளிரைத் தாங்கும் எஃகைத் தேர்ந்தெடுக்கும் முறை உறுதிப்பட்டது. கப்பலை நீரில் இறக்கும்போது மேல்நாட்டார் மதுப்புட்டி உடைப்பதும், நம்மவர் தேங்காய் உடைப்பதும் ஒன்றுதான். பனிக்கட்டி இரண்டையும் மதிப்பதில்லை.

ஆனால் நல்ல படகு மட்டும் போதாது. 1968-ல் இங்கிலாந்தின் ஹல் நகரத்து மூன்று கப்பல்களில் 58 பேர் இறந்தார்கள். அப்போது லில்லியன் பிலோக்கா என்ற மீனவர் குடும்பத்துப் பெண் முன்னின்று 10,000 கையெழுத்துச் சேர்த்து, கப்பல்தோறும் வானொலி இயக்குபவரும், பாதுகாப்புக் கருவிகளும் வேண்டும் என்று மந்திரிகளிடம் போய்க் கேட்டார். சர்க்கார் இணங்கிற்று. அப்பெண்ணுக்கோ வேலை போயிற்று. வசவுக் கடிதங்கள் வந்தன. உழைப்பவர் உயிருக்கு விலை கேட்கும் பெண்ணுக்கு எந்த நாட்டிலும் கிடைக்கும் பரிசு இதுதான் போலும்!

நம் நாட்டிலிருந்து 1981 டிசம்பர் 6-ந் தேதி காசிம் என்பவர் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து தென்துருவக் கண்டத்துக்குப் புறப்பட்டு, 1982 ஜனவரி 9-ந் தேதி சேர்ந்தார்கள். போன கப்பல் நார்வேக்காரரிடம் வாடகைக்கு எடுத்தது. இம்மலையடியில் கஞ்சமலை இரும்புக்கல் இருக்கிறது. சேலத்தில் உருக்காலை இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்கும் பிள்ளைகள் வேண்டாமா? "ஏன் எழுந்து நிற்கக்கூடாது?" என்று உங்கள் குழந்தை நாளை ஏரியில் கேட்டால், தலையில் குட்டாதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள். அந்தக் குழந்தைதான் நாளை நமக்குக் கப்பல் கட்டும்.