செருப்புத் தைத்தவரின் தோட்டம்

(மருத்துவமனை ஜெபக்கூடத்தில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இன்று நாம் நினைவுகூருகிறவர் வில்லியம் கேரி. வேதாகமத்தை வங்க மொழியில் பெயர்த்தவர், 1818-ல் செராம்பூர்க் கல்லூரியை நிறுவியவர்களில் ஒருவர் என்று அவரை அறிவோம். நம் போதகர்கள் பலருடைய இறையியல் பட்டத்திலும் செராம்பூரின் பெயர் உண்டு. ஆனால் அவருடைய கைத்தொழிலைப் பற்றியும், திறந்த வெளியின்மேல் அவருக்கிருந்த ஆசையைப் பற்றியும் நாம் அதிகம் பேசுவதில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து கையில் கட்டுப்போட்டு வருகிறவர்களையும், பழவேற்காட்டு ஏரியில் வலை வீசிப் பழகி, வார்டில் ஜன்னலோரக் கட்டில் கேட்கிறவர்களையும் அறிந்த நமக்கு, இவருடைய வாழ்க்கையின் அந்தப் பக்கம் நன்றாகப் புரியும்.

1761 ஆகஸ்ட் 17 அன்று இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி என்ற கிராமத்தில் ஒரு நெசவாளியின் மகனாகக் கேரி பிறந்தார். தோட்ட வேலை தெரிந்த தகப்பனுடைய சகோதரர் ஒருவரே சிறுவனுக்குச் செடிகொடிகளின் ருசியைக் காட்டினார். வண்டும் பறவையும் செடியுமாக அவனுடைய அறை நிறைந்திருந்தது. ஆனால் அவனுக்கு ஒரு சரும நோய் இருந்தது. வெயில் பட்டால் முகமும் கைகளும் வேதனைப்படும். வயல் வேலையை விட்டுவிட்டு, பதினான்காம் வயதில் செருப்புத் தைக்கும் கடையில் போய் உட்கார வேண்டியதாயிற்று. வெளியை நேசித்த பிள்ளையை நோய் உள்ளே அடைத்தது.

அந்தத் தொழிலைக் குறித்து அவர் ஒருபோதும் வெட்கப்படவில்லை. பிற்காலத்தில் கவர்னர் ஜெனரலின் விருந்தொன்றில், இவர் முன்பு செருப்புத் தயாரிக்கிறவராமே என்று ஓர் அதிகாரி இவர் காதில் படும்படி விசாரித்தார். தாம் செருப்புச் செய்கிறவர்கூட இல்லை, பழைய செருப்புக்கு ஒட்டுப்போடுகிறவர்தான் என்று கேரியே சொல்லிவிட்டார். 1793-ல் இந்தியா வந்த அவர், 1800 முதல் செராம்பூரில் மார்ஷ்மன், வார்டு ஆகியோரின் குடும்பங்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டு, பொதுப் பணத்தில் வாழ்ந்தார்.

அதே ஆண்டில் கிருஷ்ண பால் என்ற தச்சர் விழுந்து, தோள்மூட்டு நழுவியது. டாக்டர் ஜான் தாமஸ் அதைச் சரிசெய்ய, கேரியும் உடன் நின்று உதவினார். 1800 டிசம்பர் 28 அன்று அந்தத் தச்சர் ஞானஸ்நானம் பெற்றார். மருத்துவ ஊழியத்தில் இருக்கிற நமக்கு அது மறக்கக்கூடாத நாள்.

ஆனால் தம் சொந்த வீட்டில் அவரால் ஆற்ற முடியாத ஒரு நோவு இருந்தது. 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அதன்பின் மனைவி டாரதியின் மனம் கலங்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் அந்தத் துன்பம் நீடித்தது. பிற்காலத்தில் அவரைப் பூட்டிய அறையில் வைக்க வேண்டியிருந்தது. 1807 டிசம்பரில் அவர் மரித்தார். கணவருக்குத் தோட்டம் இருந்தது. மனைவிக்கு அந்த அறையே மிஞ்சியது. இதைச் சொல்லாமல் கேரியின் சரித்திரத்தைச் சொல்வது நியாயமாகாது. அன்று மனநோய்க்கு மருந்து இல்லை. இன்று இருக்கிறது. ஆனாலும் நம் சபைக் குடும்பங்களில்கூட, ஊரார் என்ன சொல்வார்களோ என்று பயந்து, நோயுற்றவரை உள்ளேயே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அவர்களை மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

செராம்பூரில் கேரி ஏறக்குறைய ஐந்து ஏக்கரில் தோட்டம் வைத்தார். இங்கிலாந்திலிருந்து விதை வந்த பையில் ஒட்டியிருந்த மண்ணையும் ஒரு மூலையில் உதறிவிட, அதில் அவருடைய ஊர் டெய்சிப் பூச்செடி முளைத்தது. அதைக் கண்டு பிள்ளைபோல் சந்தோஷப்பட்டார். 1820-ல் வேளாண்மைக்கும் தோட்டக்கலைக்குமான சங்கத்தைத் தொடங்கினார். 1823 அக்டோபரில் படகிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பு அடிபட்டது. அவர் படுக்கையில் இருந்தபோதே வெள்ளம் வந்து தோட்டத்தை அழித்தது. குணமானதும் மறுபடி நட்டார்.

முடிவுநாட்களில் நடக்க முடியாதபோது, சக்கரம் வைத்த நாற்காலியில் அவரைத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதுவும் முடியாதபோது தோட்டக்காரர் கட்டிலருகே வந்து செடிகளின் சேதி சொன்னார். தாம் போனபின் மார்ஷ்மன் மாடுகளை உள்ளே விட்டுவிடுவாரே என்று ஒருநாள் கவலைப்பட்டார். மார்ஷ்மனோ, தோட்டத்தைப் பாதுகாப்பதாக அவருக்கு வாக்குக் கொடுத்தார். 1834 ஜூன் 9 அன்று கேரி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பிற்காலத்தில் அந்த நிலத்தில் சணல் ஆலை எழுந்தது. நம் மலைக்காடுகளிலும் வளருகிற ஒரு மர இனம் ‘கேரியா’ என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிரியமானவர்களே, அந்த நாற்காலியைத் தள்ளிய கைகளின் பெயர் நமக்குத் தெரியாது. நோய் ஒருவரை உள்ளே அடைக்கும்போது, அவரை வெளியே கொண்டுவர இன்னொருவருடைய கை வேண்டியிருக்கிறது. உங்கள் ஜெபமும் காணிக்கையும் இங்கே செய்கிற வேலை அதுதான். வார்டைவிட்டுத் தம் காலில் நடந்து வேப்பமரத்தடிக்கு வருகிறவர்கள் உங்கள் பெயரை அறியமாட்டார்கள், ஆண்டவர் அறிவார்.