மொத்த வாக்கும் தனிக் குரலும்: பிரிட்டன் தொழிற்கட்சியிலிருந்து சில பாடங்கள்



தலித் இலக்கிய மேடையொன்றில் பிரிட்டன் தொழிற்கட்சியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். அந்தக் கட்சி தேறுமா தேறாதா என்பது நம் கவலை அல்ல. உழைப்பவர்களின் கட்சி என்று பெயர் வைத்துக்கொண்ட ஓர் அமைப்புக்குள், உழைப்பவர்களிலும் கீழே வைக்கப்பட்டவர்கள் தங்களுக்கென ஓரிடம் கேட்டபோது என்ன நடந்தது என்பதுதான் நம் கவலை. "முதலில் வர்க்கம், மற்றதெல்லாம் பிறகு" என்ற பதிலை நாம் தலைமுறைகளாகக் கேட்டுவருகிறோம். அதே பதில் அங்கே ஆங்கிலத்தில் சொல்லப்பட்டது.

அந்தக் கட்சியின் பிறப்பே வேறு மாதிரியானது. 1900 பிப்ரவரியில் லண்டனில் தொழிற்சங்கங்களும் சில சோசலிச அமைப்புகளும் கூடி, தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழு ஒன்றை அமைத்தன. அங்கே சங்கம் கட்சியைப் பெற்றது. நம் ஊரில் கதை தலைகீழ். ஒவ்வொரு கட்சியும் தனக்கென்று ஒரு சங்கத்தை வைத்துக்கொள்கிறது, கட்சி உடைந்தால் ஆலை வாசலில் சங்கக் கொடியும் இரண்டாகிறது. 1901இல் டாஃப் வேல் ரயில் நிறுவன வழக்கில், வேலைநிறுத்தத்தால் வந்த நட்டத்துக்குச் சங்கமே பொறுப்பு என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ரயில்வே சங்கம் 23,000 பவுண்டு கட்ட நேர்ந்தது. சட்டத்தை மாற்ற நாடாளுமன்றத்தில் நம் ஆள் வேண்டும் என்பது அதன் பிறகுதான் பல சங்கங்களுக்கு உறைத்தது. 1906இல் 29 பேர் வென்றார்கள். தொழிற்கட்சி என்ற பெயரும் அந்த ஆண்டில்தான் வந்தது.

பணம் சங்கங்களிடமிருந்து வந்தது. அதைத் தடுக்க 1909இல் ஆஸ்போர்ன் தீர்ப்பு வந்தது. 1913 சட்டம், சங்கங்கள் தனி அரசியல் நிதி வைத்துக்கொள்ளலாம், விருப்பமில்லாத உறுப்பினர் எழுதிக்கொடுத்து விலகிக்கொள்ளலாம் என்றது. 1926 பொது வேலைநிறுத்தம் தோற்றதும், 1927இல் அதையே திருப்பிப் போட்டார்கள்: விருப்பமுள்ளவர் எழுதிக்கொடுத்தால்தான் நிதி பிடிக்கலாம். 1946இல் அட்லி அரசு பழைய முறைக்குக் கொண்டுவந்தது. விலகக் கையெழுத்தா, சேரக் கையெழுத்தா என்பது காகித விஷயம்போலத் தெரியும். கட்சியின் கல்லாப்பெட்டியே அந்தக் கையெழுத்தில்தான் இருந்தது.

பணத்தோடு வாக்கும் வந்தது. கட்சி மாநாட்டில் ஒரு சங்கம் தன் இணைப்பு உறுப்பினர் அத்தனை பேரின் வாக்கையும் ஒரே மொத்தமாகப் போடும். போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்ற ஒரே சங்கத்தின் கையில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் வாக்குகள் இருந்தன. ஒரு பொதுச் செயலாளர் அட்டையை உயர்த்தினால் பத்து லட்சம் பேர் கை தூக்கியதாகக் கணக்கு. 1990களின் தொடக்கம்வரை மாநாட்டு வாக்குகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு சங்கங்களிடமே இருந்தது. அந்தப் பத்து லட்சத்துக்குள் இருந்த ஜமைக்காக்காரரும் பஞ்சாபியும் குஜராத்திப் பெண்ணும் என்ன நினைத்தார்கள் என்பது அட்டையில் தெரியாது.

அவர்களுக்குச் சங்கம் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிரிஸ்டல் நகரப் பேருந்துகளில் கருப்பினத்தவரையும் ஆசியர்களையும் ஓட்டுநர், நடத்துநர் வேலைகளில் சேர்ப்பதில்லை என்பது நடைமுறை. 1955இலேயே அங்கிருந்த சங்கக் கிளை நிறத்தடைக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டிருந்தது. 1963 ஏப்ரலில் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. ஆகஸ்ட் இறுதியில் நிர்வாகம் பணிந்தது. செப்டம்பரில் முதல் நிறமுள்ள நடத்துநராகச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். அந்தச் சங்கத்தின் வாரிசான யுனைட் சங்கம் 2013இல்தான் மன்னிப்புக் கேட்டது. ஐம்பது ஆண்டுகள்.

1972இல் லஃப்பரோ நகரின் மான்ஸ்ஃபீல்டு காலுறை ஆலையில் ஆசியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி கூடுதலாகக் கிடைக்கும் பின்னல் இயந்திர வேலை வெள்ளையருக்கு மட்டும். ஆசியர்களுக்குக் கூலி குறைந்த வேலைகள். சங்கம் தயங்கி நின்றது. இந்த இடத்தில் நமக்கு பம்பாய் ஞாபகம் வராமல் இருக்காது. பம்பாய் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். நாடாவில் நூல் கோர்க்கும்போது வாயால் உறிஞ்ச வேண்டியிருந்ததால், தீண்டாதார் உள்ளே வந்தால் தீட்டு என்று அவர்களை அந்தப் பிரிவுக்குள் விடவில்லை. 1920களின் இறுதியில் நடந்த பெரும் வேலைநிறுத்தங்களின்போது அம்பேத்கர் இந்தக் கேள்வியைச் சங்கத் தலைவர்கள் முன் வைத்தார்: ஒன்றாக நிற்கச் சொல்கிறீர்கள், நெசவுப் பிரிவின் கதவைத் திறப்பீர்களா? லஃப்பரோவில் கேட்கப்பட்ட கேள்வியும் இதேதான்.

1974இல் லெஸ்டர் நகரின் இம்பீரியல் தட்டச்சு இயந்திர ஆலையில் ஆசியர்கள் வெளியே வந்தபோது, சங்கத்தின் அங்கீகாரமே கிடைக்கவில்லை. 1976இல் லண்டன் கிரன்விக் புகைப்பட ஆலையில் ஜெயாபென் தேசாய் தலைமையில் பெண்கள் வெளியேறியபோது நிலைமை கொஞ்சம் மாறியிருந்தது. ஆயிரக்கணக்கான வெள்ளைத் தொழிலாளர்கள் மறியலுக்கு வந்தார்கள், அஞ்சல் ஊழியர்கள் அந்த ஆலையின் கடிதங்களைத் தொட மறுத்தார்கள். ஆனால் மேலிடம் பின்வாங்கியது. 1977 நவம்பரில் தேசாயும் தோழர்களும் தொழிற்சங்கப் பேரவை அலுவலகத்தின் வாசலிலேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். அதற்காக அவர்களது சங்கமே அவர்களை இடைநீக்கம் செய்தது. அப்போது ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி.

இந்த அனுபவங்களோடுதான் 1983இல் கருப்பர் பிரிவு என்ற கோரிக்கை கட்சிக்குள் எழுந்தது. கருப்பர் என்ற சொல்லை அன்று ஆசியர்களும் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். தலித் என்பதைப்போல அது ஓர் அரசியல் பெயர். கட்சியில் பெண்களுக்குப் பிரிவு இருந்தது, தேசியச் செயற்குழுவில் அவர்களுக்கு ஒதுக்கீடும் இருந்தது. இளைஞர்களுக்கு அமைப்பு இருந்தது. எங்களுக்கும் அதே உரிமை வேண்டும் என்றார்கள். 1984 பிளாக்பூல் மாநாட்டில் சங்கங்களின் மொத்த வாக்குகள் அந்தக் கோரிக்கையை நசுக்கின. தலைவர் நீல் கின்னக்கும் துணைத் தலைவர் ராய் ஹேட்டர்ஸ்லியும் எதிர்த்தார்கள். நிறத்தின் பேரில் பிரிப்பது தவறு என்பது வாதம். பிரித்து வைத்தவன் யார் என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் இடமில்லை.

அவர்கள் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. தொகுதிகளில் தாங்களாகவே பிரிவுகளை அமைத்தார்கள், வேட்பாளர் தேர்வுகளில் வேலை செய்தார்கள். 1987 தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன், கட்சியின் நிறவெறியைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசியதற்காக ஷரோன் அட்கின் நாட்டிங்ஹாம் கிழக்குத் தொகுதி வேட்பாளர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அதே தேர்தலில் டயான் அபோட், பெர்னி கிராண்ட், பால் போட்டெங், கீத் வாஸ் ஆகிய நால்வர் வென்றார்கள். 1920களில் பேட்டர்சீ தொகுதியில் வென்ற ஷாபுர்ஜி சக்லத்வாலாவுக்குப் பிறகு இடதுசாரி அணியிலிருந்து நிறமுள்ள ஒருவர் பொதுச்சபைக்குள் போனது அப்போதுதான். அபோட்டும் கிராண்டும் கருப்பர் பிரிவின் முன்னணிச் செயல்பாட்டாளர்கள். மாநாட்டில் தோற்ற கோரிக்கை தொகுதியில் பலன் தந்தது. 1990களின் தொடக்கத்தில் கருப்பின சோசலிசச் சங்கம் என்ற இணைப்பமைப்பு ஒன்றுக்குக் கட்சி இடம் கொடுத்தது. கேட்டதைவிடக் குறைவு.

இனி அந்தக் கட்சி சீர்திருத்தம் என்று சொன்னதற்கு வருவோம். 1981 ஜனவரியில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, நாடாளுமன்ற உறுப்பினர்களிடமிருந்து ஒரு தேர்வுக் குழாமுக்கு மாறியது: சங்கங்களுக்கு 40, உறுப்பினர்களுக்கு 30, தொகுதிக் கட்சிகளுக்கு 30 விழுக்காடு. வலதுசாரிகள் சிலர் வெளியேறித் தனிக்கட்சி கண்டார்கள். 1983 தேர்தலில் தொழிற்கட்சிக்குக் கிடைத்தது 27.6 விழுக்காடு. தோற்கும்போதெல்லாம் பழி சங்கங்கள்மேல் விழுந்தது. 1993 பிரைட்டன் மாநாட்டில் ஜான் ஸ்மித், ஒரு உறுப்பினர் ஒரு வாக்கு என்ற முறையைக் கொண்டுவந்தார். வேட்பாளர் தேர்வில் சங்கங்களின் மொத்த வாக்கு போனது. தலைவர் தேர்தலில் சங்கங்களின் பங்கு மூன்றில் ஒன்றானது. மிகக் குறுகிய வித்தியாசத்தில்தான் அது நிறைவேறியது. அதே திருத்தத்தில் பெண்கள் மட்டுமே கொண்ட வேட்பாளர் பட்டியலும் சேர்ந்திருந்ததால் ஒரு சங்கம் எதிர்க்காமல் ஒதுங்கி நின்றது. அதனால்தான் தீர்மானம் பிழைத்தது. ஒதுக்கீடு கட்சியைப் பிளக்கும் என்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அன்று எதிர்த்து நின்ற போக்குவரத்துச் சங்கத்தின் பொதுச் செயலாளர், ஜமைக்காவில் பிறந்த பில் மோரிஸ். பிரிட்டனின் பெரிய சங்கம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் கருப்பினத்தவர். நம்மவர் ஒருவர் மேலே வந்துசேர்ந்த நேரத்தில் அந்த நாற்காலியின் கால்களை அறுக்கிறார்கள் என்று நாம் இங்கேயும் சொல்வதுண்டு.

மொத்த வாக்கு ஜனநாயகம் என்று நாம் வாதிடவில்லை. அதனால் அடிபட்டவர்கள் கருப்பினத் தொழிலாளர்களே. ஆனால் சங்கத் தலைவரின் அட்டையிலிருந்து பிடுங்கப்பட்ட அதிகாரம் ஆலைத் தளத்துக்கு வரவில்லை. கட்சித் தலைவரின் அலுவலகத்துக்குப் போனது. உறுப்பினர் வீட்டிலிருந்தபடி அஞ்சலில் வாக்களிக்கிறார். கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் பழக்கம் தேய்கிறது. சிறு எண்ணிக்கையினருக்குக் கூட்டம்தான் பலம். தனித்தனியாக எண்ணினால் அவர்கள் எப்போதும் சிறுபான்மை.

2013இல் ஃபால்கர்க் தொகுதி வேட்பாளர் தேர்வில் யுனைட் சங்கம் ஆள் சேர்த்தது என்று பெரும் சர்ச்சை வந்தது. போலீஸ் விசாரணைக்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனாலும் அதைக் காரணமாக வைத்து 2014 மார்ச்சில் தேர்வுக் குழாமையே கலைத்தார்கள். சங்க உறுப்பினர் தனித்தனியாக விருப்பம் தெரிவிக்க வேண்டும். மூன்று பவுண்டு கட்டினால் யாரும் ஆதரவாளராகப் பதிந்து வாக்களிக்கலாம் என்று அப்போது விதி வந்தது. சங்கப் பிடியைத் தளர்த்தி நடுநிலையாளரை உள்ளே கொண்டுவருவது எண்ணம். 2015இல் அந்த வாசல் வழியே வந்தவர்கள், கட்சியின் இடது ஓரத்தில் இருந்த ஜெரமி கோர்பினை 59.5 விழுக்காட்டோடு தலைவராக்கினார்கள். 2021இல் கியர் ஸ்டார்மர் பழைய தேர்வுக் குழாமைத் திரும்பக் கொண்டுவர முயன்றார், சங்கங்கள் ஒப்பவில்லை. அதற்குப் பதிலாக, தலைவர் பதவிக்குப் போட்டியிடத் தேவையான நாடாளுமன்ற உறுப்பினர் ஆதரவு 20 விழுக்காடாக உயர்ந்தது. வாசல் மறுபடி சிறுத்தது.

அம்பேத்கர் 1936இல் தொடங்கிய சுதந்திரத் தொழிலாளர் கட்சிக்குப் பின்னால் பணம் கொடுக்கச் சங்கம் எதுவும் இல்லை. 1937இல் பம்பாய் மாகாணத்தில் 17 இடங்களில் நின்று 14இல் வென்றது. 1938 பிப்ரவரியில் மன்மாட் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியமும் முதலாளியமும் இரண்டு எதிரிகள் என்று அம்பேத்கர் சொன்னதை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதே உரையில் இன்னொன்றும் இருக்கிறது: தீண்டாத் தொழிலாளி தண்டவாளக் கூலியாகவே கிடக்கிறான், போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பதில்லை, ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலையும் செய்ய வேண்டும். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து அவர் வேலைநிறுத்தம் நடத்தினார். கதவைப் பற்றிய கேள்வியைக் கைவிடாமலே கூட்டு வைத்தார். 1942இல் அந்தக் கட்சியின் இடத்தை ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பு எடுத்துக்கொண்டது ஏன் என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

இங்கிருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் மாவட்டத்தில் இயங்கும் சங்கங்களின் மாநாட்டு மலர்களை எடுங்கள். நிர்வாகிகள் பட்டியலைப் பாருங்கள். தூய்மைப் பணியாளர்கள் எத்தனை பேர், ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். கோரிக்கைப் பட்டியலில் எந்த எண்ணில் அவர்களுடைய கோரிக்கை வருகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கணக்கோடு வாருங்கள்.