உன் நடத்தைக்கு யார் சாட்சி?

(தலித் மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைக் கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நேற்று ராத்திரி வந்து இறங்கியதும் தம்பிகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். பதினோரு பேர். அதுல ஏழு பேர் மேல வழக்கு இருக்கு. ஏழு பேருமே ஏதாவது ஒரு அரசு வேலைக்குப் படிச்சிக்கிட்டிருக்காங்க. வழக்கு எந்த நிலையில இருக்குன்னு கேட்டா ஒருத்தருக்கும் சரியாத் தெரியல. அதனால இன்னிக்குக் கவிதை வேண்டாம். ஒரு பாரத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

மத்திய அரசு வேலையோ பொதுத்துறை வங்கி வேலையோ கிடைத்தால் ஒரு பாரம் தருவார்கள். அட்டெஸ்டேஷன் பாரம். பேர், அப்பா பேர், எங்கே குடியிருந்தாய், எங்கே படித்தாய் என்பதெல்லாம் முதலில் வரும். அப்புறம் அந்தக் கேள்வி. எப்போதாவது கைது செய்யப்பட்டாயா? உன்மேல் வழக்கு நடந்ததா? காவலில் வைக்கப்பட்டாயா? பிணைப்பத்திரம் எழுதி வாங்கினார்களா? அபராதம் கட்டினாயா? மறைத்தால் தகுதி போய்விடும் என்று மேலேயே எச்சரிக்கை இருக்கும். பாரம் போலீசுக்குப் போகும். பாதுகாப்புத் துறை, அணுசக்தித் துறை என்று போனால் விசாரணை இன்னும் ஆழமாக இருக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். வங்கி வேலைக்காக என்னைப் பற்றி விசாரிக்க வந்த ஏட்டு சேரிக்குள்ள வரல. ஊர்ப்பக்கத்து டீக்கடையில உட்கார்ந்தார். எங்கப்பா யார் நிலத்துல கூலிக்குப் போனாரோ அவர்கிட்டயே கேட்டிருக்கார், பையன் எப்படின்னு. “நல்ல பையன், வம்பு தும்புக்குப் போவமாட்டான், எங்கள எதிர்த்து ஒரு வார்த்த பேசுனதில்ல.” கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குப் போனப்ப ஏட்டே இதைச் சொல்லிச் சிரிச்சார். எங்கம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அவமானமா இருந்தது. ஏன்னா அவர் சொன்னது உண்மை. அதுவரைக்கும் நான் எதிர்த்துப் பேசினதில்ல. பேசினவன் என் சித்தப்பா மகன். அவன் கதைக்கு அப்புறம் வர்றேன்.

ஒருவனுடைய நடத்தையை இன்னொருவன் எழுதிவைக்கிற வழக்கம் இங்கே பழையது. 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அது நுழைந்தது. பிறந்த சாதியே குற்றப்பதிவு; கைரேகை வைத்து, ஸ்டேஷனில் ஆஜர் கொடுக்க வேண்டும். போலீஸ் பதிவேட்டின் ‘கே.டி.’ என்ற இரண்டு எழுத்து நம் வாயில் ‘கேடி’ என்று வசவாகிப் போனது. ராணுவத்தையும் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகப் படையில் இருந்த மகர்களை 1890-களில், போர்க்குணமுள்ள சாதியில்லை என்று ஆளெடுப்பிலிருந்து விலக்கினார்கள். அம்பேத்கரின் அப்பா ராம்ஜி அந்தப் படையில் சுபேதாராக இருந்தவர். 1941-ல் மகர் ரெஜிமென்ட் அமைந்தபோதுதான் கதவு மறுபடி ஒழுங்காகத் திறந்தது. தகுதி என்று பெயர் வைத்துச் சாதியை எடை போட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இது நடந்தது. 1947-ல் ட்ரூமன் உத்தரவுப்படி மத்திய அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்க வாரியங்கள் அமைந்தன. டோரதி பெய்லி என்ற ஊழியரை விசாரித்தபோது ஒரு கேள்வி: ரத்தத்தைப் பிரித்துவைப்பது பற்றிச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நீ கடிதம் எழுதினாயா? கறுப்பர் ரத்தத்தையும் வெள்ளையர் ரத்தத்தையும் அப்போது தனித்தனியாக வைத்திருந்தார்கள். அதைத் தப்பு என்று சொல்வதே விசுவாசத்தில் சந்தேகம். நம்ம ஊர்ல ரெட்டைக் கிளாஸைக் கேள்வி கேட்டவன் ‘பிரச்சினைக்காரன்’ ஆகிறானே, அதே கதைதான். பெய்லிக்கு எதிராகத் தகவல் சொன்னது யார் என்று விசாரித்த வாரியத்துக்கே தெரியாது. வேலை போயிற்று. 1951-ல் உச்ச நீதிமன்றத்தில் நாலுக்கு நாலு என்று பிரிந்ததால் கீழ்த் தீர்ப்பே நின்றது. நம்ம டீக்கடை சாட்சி யாருன்னு நமக்காவது தெரியுது.

நம் நீதிமன்றங்கள் சில நல்ல வார்த்தைகளும் சொல்லியிருக்கின்றன. 1983-ல் ராமசங்கர் ரகுவன்ஷி வழக்கு. போலீஸ் அறிக்கையை வைத்து மத்தியப் பிரதேச அரசு ஓர் ஆசிரியரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டவர் என்பது குற்றச்சாட்டு. நமக்கு எதிர் முகாம்தான். ஆனாலும் நீதிபதி சின்னப்ப ரெட்டியின் தீர்ப்பை நாம் படிக்க வேண்டும். இளம் வயதில் அரசியலில் இருந்ததற்காக ஆயுள் முழுக்க ஒருவனுக்குக் கெட்டபேரா, அரசு வேலை என்ன தேவதைகள் மட்டும் நுழைகிற சொர்க்கமா என்று கேட்டார். 2016-ல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் வழிமுறைகள் வகுத்தார்கள். சின்ன வயதில் கோஷம் போட்டது மாதிரியான அற்ப வழக்கை மறைத்திருந்தால்கூட, வேலை தருபவர் தன் விருப்புரிமையில் அதை விட்டுவிடலாம் என்றார்கள். விட்டுவிடலாம், அவ்வளவுதான். விட்டே ஆகணும்னு சொல்லல.

இப்போ என் தம்பி கதை. அம்பேத்கர் படத்தைக் கிழித்ததற்காக மறியல் நடந்தது. அவனுக்கு அப்போ பத்தொன்பது வயசு. நம்ம பக்கம் வன்கொடுமைப் புகார் கொடுத்தோம். ரெண்டு நாள்ல ஊர்ப்பக்கத்திலிருந்து எதிர்ப்புகார் வந்தது. 294(பி), 323, 506. எல்லாருக்கும் மனப்பாடமான எண்கள். 2024 ஜூலையிலிருந்து சட்டத்தின் பேரும் எண்ணும் மாறியிருக்கு, புகார் மாறல. அப்புறம் பெரியவங்க உட்கார்ந்து ராஜி பேசினாங்க. ஊர்க்காரர் கூண்டில் ஏறி எனக்கு ஒன்றும் தெரியாது என்றார். தம்பி விடுதலை. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை என்று தீர்ப்பில் இருந்தது. இனிப்புக் குடுத்தோம்.

மூணு வருஷம் கழிச்சு சீருடை வேலைக்கு எழுதினான். எழுத்துத் தேர்வு பாஸ். 1500 மீட்டர் ஓடினான், கயிறு ஏறினான், மார்பளவு சரி. பாரத்தில் வழக்கையும் மறைக்காமல் எழுதினான். வேலை இல்லை என்று தபால் வந்தது.

காரணம் தமிழ்நாட்டுச் சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதி 14(பி). அதன் விளக்கக்குறிப்பு சொல்கிறது: சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரும் குற்றவழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். 2008-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு இது செல்லும் என்றது. கௌரவமான விடுதலையாக இருக்க வேண்டும். அல்லது போலீஸே ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ என்று முடித்திருக்க வேண்டும். அப்போதும்கூட, சரிபார்ப்பு நேரத்தில் வழக்கு நிலுவையில் இருந்திருந்தால் அடுத்த ஆளெடுப்பில்தான் கேட்கலாம்.

கவனிங்க. அந்த ஊர்க்காரர் தாராளமா வாபஸ் வாங்கின மாதிரி நடந்துக்கிட்டதே என் தம்பிக்குச் சுருக்கு. விதி அவர் மகனுக்கும் பொதுதான், இல்லேன்னு சொல்லல. அவர் மகனுக்கு நிலம் இருக்கு, அரிசி மில் இருக்கு. இவனுக்கு அந்த வேலை ஒண்ணுதான் இருந்தது. இப்ப கோயம்புத்தூர்ல லோடு ஏத்துறான். ராஜிக்கு உட்கார்ந்தவங்கள்ள நானும் ஒருத்தன். தீர்ப்பை வாங்கிப் படிக்கணும்னு படிச்ச எனக்குத் தோணல. இதைச் சபையில் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அதனால் சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பாரத்தில் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தது வழக்கைவிடப் பெரிய குற்றமாகிவிடும். உங்கள் எஃப்.ஐ.ஆர். நகலையும் தீர்ப்பு நகலையும் வாங்கி வையுங்கள். ஆர்.டி.ஓ. முன்னால் அமைதிக்காக எழுதித் தருகிற பிணைப்பத்திரத்தை, பழைய 107, இப்போதைய 126, ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று போடாதீர்கள். பாரம் அதையும் கேட்கும். பொய் வழக்கென்றால் உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம். பழைய 482, இப்போது 528. 1987-ம் வருஷச் சட்டப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வருமானக் கணக்குக் காட்டாமலே இலவச வக்கீல் கேட்கலாம். பதினெட்டு வயதுக்குள் நடந்ததென்றால் 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 24-ஐ வக்கீலிடம் காட்டுங்கள். ஸ்டேஷனில் உங்கள் பேரில் ஹிஸ்டரி ஷீட் இருந்தால், பின்தங்கிய சாதியினர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பேரில் பாரபட்சமாகத் திறந்த ஷீட்டுகளைப் பார்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் மாநிலங்களைக் கேட்டிருக்கிறது.

கடைசியாக இயக்கத் தோழர்களுக்கு. கோபிக்கக் கூடாது. மறியலுக்குப் பையன்களைக் கூப்பிடுறோம். வேன் வெச்சு அழைச்சிட்டுப் போறோம். வாய்தாவுக்குக் கூடப் போறோமா? ராஜி பேசும்போது அந்தப் பையன் என்ன வேலைக்குப் படிக்கிறான்னு கேட்கிறோமா? போராட்டத்துக்குப் போகாதேன்னு நான் சொல்லல. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாததால் வேலை கிடைத்தவன் அதைச் சொல்ல முடியாது. போனவன் வழக்கை முடிவு வரைக்கும் தூக்கிச் சுமக்கிறதும் போராட்டத்துல சேர்ந்ததுதான்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், வாசல் பக்கத்து மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நேற்று பேசிய ஏழு தம்பிகளும், மற்றவர்களும் வழக்கு எண், கோர்ட்டு, அடுத்த வாய்தா தேதி மூன்றையும் எழுதுங்கள். தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. நம்ம வக்கீல் தோழர்கள் ரெண்டு பேர் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பாங்க.