காலியாக இருந்த 44 கட்டில்கள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"நீ வணிகவியல் படிச்சவன், கவிதை கிவிதைன்னு ஆரம்பிச்சிடாதே" என்று செயலாளர் எச்சரித்துத்தான் மேடை ஏற்றியிருக்கிறார். ஆகவே ஒரு கணக்கைப் பற்றியே பேசுகிறேன்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், வீடற்றோர் காப்பகம் ஒன்றுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். 50 பேர் தங்கும் இடம். நடத்துவது ஒரு தொண்டு நிறுவனம். அரசு மானியத்தை நம்பித் தொடங்கியது.

அந்த மானியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. டெல்லியில் கடுங்குளிரில் ஒரு தற்காலிகக் காப்பகம் இடிக்கப்பட்ட விவகாரம் 2010-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். நகரங்களில் மட்டும் 9.4 லட்சம். 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் இவர்களுக்கென்றே ஒரு திட்டம் சேர்த்தார்கள். அதன் விதிப்படி 50 பேர் காப்பகத்தை நடத்த ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் வரை கிடைத்தது.

வகுத்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய்கூட வராது. இதில்தான் காவலாளி சம்பளம், மின்சாரம், சோப்பு, பினாயில் எல்லாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் பகல் 2 மணிக்கு ஆய்வுக்கு வந்தார்கள். உள்ளே ஆறு பேர். இரண்டு பேர் வயதானவர்கள், ஒருவர் காலில் மாவுக்கட்டு, மற்றவர்களுக்குக் காய்ச்சல். "50-இல் 44 காலி" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த 44 பேரும் அந்நேரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டும் ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டும் இருந்தார்கள். அடுத்த தவணை நின்றுபோயிற்று.

நான்கு மாதம் பணம் இல்லை. ஆனாலும் மின்கட்டணம் கட்டியிருக்கிறதே என்று பார்த்தால், பெட்டியில் ஓர் அடகுச் சீட்டு. காப்பாளர் அம்மா தன் கம்மலை வைத்திருக்கிறார். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றேன். "சொன்னா பூட்டிடலாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயம் சார்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், தப்பு வந்தவர்கள் மேல் மட்டும் இல்லை. எங்கள் பதிவேட்டில் பெயர் இருந்தது. வந்த நேரம், போன நேரம் இல்லை. முப்பது வருஷம் பேரேடு பார்த்த நான் அதைக் கேட்கவே இல்லை.

அப்போது கைகொடுத்தவர்கள் இந்தக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள். ஏழு நாள், இரவு 11 மணிக்கு வந்து தலை எண்ணிக் கையெழுத்துப் போட்டார்கள். 46, 48, 50... மழை பெய்த ஓர் இரவு 57! அந்தத் தாள்களை இணைத்து மனு கொடுத்தோம். தவணை வந்தது. கம்மலும் மீண்டது. அடகு வட்டியை எழுத மட்டும் மானியக் கணக்கில் தலைப்பே இல்லை. என் பையிலிருந்து போட்டேன்.

நண்பர்களே, மானியம் அறிவிப்பது அரசின் வேலை. அது கட்டிலில் படுத்திருப்பவனுக்கு வந்து சேருவதற்குச் சரியான பதிவேடும், காலத்தில் போகும் செலவுச் சான்றும் வேண்டும். தொண்டு நிறுவனங்களுக்கு மனம் இருக்கிறது, கணக்கு எழுத ஆள் இல்லை. நம்மில் தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள், ஓய்வு பெற்ற அலுவலர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் ஒரு காப்பகம் இருந்தால், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். மாணவர்களே, நீங்கள் இரவில் போங்கள். பகலில் போனால் கட்டில்கள் காலியாகத்தான் இருக்கும்.