போத்தல் கழுத்தில் ஒரு பூட்டு



கற்பிட்டிக் கரையில் இழுத்து வைத்திருக்கும் ஒரு ஃபைபர் படகின் பின்பக்கத்தைப் பாருங்கள். இயந்திரம் இருக்கும், பக்கத்தில் எண்ணெய்த் தாங்கி இருக்கும், இரண்டையும் சேர்க்கும் கறுப்புக் குழாய் இருக்கும். குழாயின் நடுவே கையால் அமுக்கி எண்ணெயை ஏற்றும் இறப்பர்க் குமிழ். இப்போது குழாயின் முனைக்கு வாருங்கள். பெருவிரல் அளவில் ஒரு பிடி. அதை முளையில் வைத்து அழுத்தினால் ‘டிக்’ என்று பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் உள்ள சின்ன நெம்பை அமுக்கினால்தான் கழலும். கழன்ற அந்த நொடியே பல பிடிகளில் உள்ளே இருக்கும் ஒரு சிறு குண்டு வாயை அடைத்துவிடும். எண்ணெய் சிந்தாது.

அலையில் படகு எவ்வளவு குதித்தாலும் அது தானாகக் கழலக் கூடாது. கழற்ற வேண்டிய நேரத்தில், ஈரக் கையோடு, ஒருவரே கழற்றவும் முடிய வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகச் சாதிக்க மனிதர்கள் பட்ட பாடுதான் இன்றைய கதை. போத்தலில் இருக்கும் திரவத்தை வெளியே எடுக்கும் கருவியை, அந்தப் போத்தலின் கழுத்தில் எப்படிப் பூட்டினார்கள்?

இந்தக் கதையைப் புத்தளம் மாவட்டத்தில் இருந்து சொல்லக் காரணம் இருக்கிறது. மாவட்டத்தின் தெற்கே மாறவில, நாத்தாண்டியா, மாதம்பை வட்டாரத்தில் சிலிக்கா மணல் படிந்து கிடக்கிறது. கண்ணாடிக்கு மூலப்பொருளே அதுதான். ஹொரணையில் இருக்கும் கண்ணாடிப் போத்தல் தொழிற்சாலை, முன்பு சிலோன் கிளாஸ், பிறகு பிரமல் கிளாஸ், இப்போது பிஜிபி கிளாஸ் என்று பெயர் மாறி வந்தது. அது நாத்தாண்டியா மணலைத்தான் உருக்குகிறது. நம் வீட்டு ஜாம் போத்தலும் மருந்துப் போத்தலும் இந்தக் கரையோர மண்ணாக இருந்திருக்கக்கூடும்.

சரி, பூட்டுக்கு வருவோம்.

பூட்டு என்றால் மூடியைத்தான் நினைக்கிறோம். நான் சொல்ல வருவது வேறு. பூட்டின் பாதி மூடியில் இருக்கிறது, மறு பாதி போத்தலின் கழுத்தில் இருக்கிறது. அந்தக் கழுத்து ஒவ்வொரு போத்தலிலும் ஒரே அளவாக வராதவரை மூடியைப் பூட்டுவது பெரும் பாடாகவே இருந்தது. கண்ணாடியை வாயால் ஊதிச் செய்த காலத்தில், உடம்பை ஊதி முடித்து, ஊதுகுழலில் இருந்து உடைத்தெடுத்து, கடைசியாகத்தான் வாயைச் சூடாக்கி வளைப்பார்கள். கடைசியில் கையால் செய்கிற வேலை. ஒன்று போல் இன்னொன்று வராது. அதனால்தான் நூற்றாண்டுக் கணக்கில் தக்கையே கதி என்று இருந்தார்கள். தக்கை விட்டுக்கொடுக்கும், கோணல் வாயிலும் நெருக்கி உட்காரும்.

ஆனால் தக்கையைப் பிடுங்கினால் போத்தல் திறந்தது திறந்ததுதான். காற்று ஏற்றிய பானம் என்றால் மிச்சம் வீணாகும். 1829இல் பாரிஸில் டெலூஸ், டுட்டியே என்ற இரண்டு நகைத் தொழிலாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நடுவில் துளையுள்ள ஒரு திருகாணி. அதைத் தக்கைக்குள்ளே முறுக்கி இறக்க வேண்டும், மேலே ஒரு குழாய் வால்வு. ஷாம்பெயினைத் தக்கை எடுக்காமலே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். போத்தலைத் திறக்காமல் திரவத்தை எடுப்பது என்ற எண்ணம் இங்கே ஓர் உருவம் பெற்றது.

1837இல் பாரிஸ்காரரான அந்துவான் பெர்பிஞா இன்னொரு படி மேலே போனார். போத்தலின் தலையே வால்வு, ஸ்பிரிங் அதை எப்போதும் மூடியே வைத்திருக்கும், நெம்பை அழுத்தினால் மட்டும் திறக்கும். பழைய திரைப்படங்களில் ‘புஸ்’ என்று சோடா பீய்ச்சும் கனத்த போத்தல் பார்த்திருப்பீர்களே, அந்த சைஃபனின் மூதாதை இது. சைஃபனின் தலையை எப்படிப் பூட்டினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். கண்ணாடியில் நல்ல புரி வெட்ட முடியாது. ஆகவே கழுத்தின் மேல் தடித்த உதடு ஒன்றை விட்டார்கள். அந்த உதட்டுக்குக் கீழே, இரண்டு பாதியாகப் பிளந்த ஒரு வளையத்தைக் கழுத்தைச் சுற்றிப் பொருத்தினார்கள். புரி வளையத்தில் இருக்கும், தலையை அதன் மேல் முறுக்குவார்கள். முறுக்க முறுக்கப் பிளந்த பாதிகள் நெருங்கிக் கழுத்தைப் பிடிக்கும், உதடு அதை மேலே வர விடாது. கண்ணாடி தாங்காத வேலையை உலோகத்துக்கு மாற்றிக் கொடுத்த யோசனை இது.

ஆனால் சைஃபன் விலை கூடிய சாமான். ஏழையின் கைக்கு வந்த பூட்டு வேறு.

ஹைரம் காட். இங்கிலாந்தின் பெரி செயின்ற் எட்மண்ட்ஸில் 1838இல் பிறந்தவர். தக்கை விற்கும் கம்பனியில் வேலை செய்தவர், ஆகவே தக்கையின் குறை என்ன என்று நன்றாகத் தெரிந்தவர். 1870இல் முதல் காப்புரிமை, 1872இல் திருத்திய வடிவம். பூட்டை வெளியே வைக்காமல் போத்தலுக்கு உள்ளே வைத்தார். அதுவும் ஒரு கண்ணாடிப் போளை.

கோலி சோடாப் போத்தலைக் கையில் எடுத்துப் பாருங்கள். வாயின் உள் பக்கத்தில் ஒரு பள்ளம், அதில் ஓர் இறப்பர் வளையம். கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் கிள்ளி விட்டது போல் ஓர் இடுக்கு. அந்த இடுக்குக்கு மேலே போளை. காற்று ஏற்றிய நீரை நிரப்பிப் போத்தலைத் தலைகீழாகப் பிடிப்பார்கள், போளை உருண்டு வந்து இறப்பரில் உட்காரும். நிமிர்த்தினாலும் விழாது, உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமே அதைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். தப்பி ஓடப் பார்க்கும் காற்றையே காவலுக்கு வைத்துவிட்டார் காட்! திறக்க வேண்டும் என்றால் மரக்குச்சி பொருத்திய மூடியால் போளையை ஒரு தட்டு. ஊற்றும்போது போளை மறுபடி வந்து வாயை அடைக்காமல் இருக்கக் கழுத்துக்குள் இரண்டு சிறு மொட்டுகள். போத்தலைச் சரியான பக்கம் திருப்பிப் பிடித்தால் போளை அந்த மொட்டுகளில் தங்கிவிடும். பக்கம் மாறிப் பிடித்தவர்களுக்குத்தான் சோடா ஊற்றாமல் நிற்கும்.

கை வேலையால் கோணிய வாயைப் பற்றி இந்தப் போத்தலுக்குக் கவலை இல்லை, இறப்பர் அந்தக் குறையைச் சமாளித்தது. அதனால்தான் அது உலகம் சுற்றியது. ஜப்பானில் ‘ராமுனே’ இன்றும் இதே போத்தலில் விற்கிறது. தமிழ்நாட்டில் கோலி சோடா ஊர் ஊராகத் தொழிலானது. விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க் போன்ற பெயர்கள் எழும்பிய காலம் அது. இலங்கையில் எலிபன்ட் ஹவுஸ் தன் வரலாற்றை 1866இலிருந்து எண்ணுகிறது, அதாவது காட் காப்புரிமை எடுப்பதற்கும் முன்பிருந்து. ஆனால் இங்கிலாந்தில் போளைக்காகப் பிள்ளைகள் போத்தலை உடைத்தார்கள், கழுவுவதும் கஷ்டம். காட் 1887இல் இறந்தார். 5 வருடத்தில் அவருடைய போத்தலுக்குப் போட்டி வந்துவிட்டது.

1892இல் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் பெய்ன்டர், ஓரம் நெளிந்த தகர மூடியைக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் 24 பல், இன்று 21. ஒருமுறை திறந்தால் தூக்கி எறியும் பூட்டு. அதுவும் உதட்டைப் பிடித்துத்தான் நின்றது. ஒரே இயந்திரத்தில் ஆயிரம் போத்தலை மூட வேண்டும் என்றால் ஆயிரம் உதடும் ஒரே அளவாக இருக்க வேண்டாமா? அந்தத் தேவை கண்ணாடித் தொழிலை நெருக்கியது.

1903இல் ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரில் மைக்கல் ஓவன்ஸ் தானியங்கிப் போத்தல் இயந்திரத்தை உருவாக்கினார். அது செய்த பெரிய மாற்றத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. இயந்திரம் உருகிய கண்ணாடியை உறிஞ்சி, முதலில் கழுத்தையும் வாயையும் இரும்பு அச்சில் வார்த்துவிடும். உடம்பு அதன் பிறகு. கடைசியாகக் கையால் செய்யப்பட்ட பகுதி முதலில் அச்சில் செய்யப்படும் பகுதியானது. அன்றுதான் மூடிக்கும் கழுத்துக்கும் ஓர் ஒப்பந்தம் சாத்தியமானது. திருகு மூடி 1858இலேயே ஜோன் மேசன் கையில் இருந்தது, ஆனால் அது வீடு வீடாகப் பரவத் துல்லியமான கழுத்து வேண்டியிருந்தது.

பிளாஸ்டிக் வந்ததும் அந்த ஒப்பந்தம் எண்களாக மாறியது. சம்போப் போத்தல் பம்ப்பைக் கழற்றி இன்னொரு போத்தலில் முறுக்கிப் பார்த்திருப்பீர்கள். சிலது உட்காரும், சிலது உட்காராது. விட்டம் 28 மில்லிமீற்றர் என்று இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் 28/400 கழுத்தில் புரி ஒரு சுற்று, 28/410 கழுத்தில் ஒன்றரைச் சுற்று. அரைச் சுற்று வித்தியாசத்தில் பம்ப் ஆடிக்கொண்டே இருக்கும், ஓரத்தால் வழியும்.

அந்தப் பம்ப்பைச் சுற்றி நடந்த வியாபாரப் போர் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1980இல் அமெரிக்காவின் மின்னெடொங்கா என்ற சிறிய கம்பனி, சாஃப்ட்சோப் என்ற திரவச் சவர்க்காரத்தைப் பம்ப் போத்தலில் கொண்டுவந்தது. பெரிய கம்பனிகள் பார்த்துச் செய்துவிடும் என்று அதன் தலைவர் றொபர்ட் டெய்லருக்குத் தெரியும். சவர்க்காரத்துக்குக் காப்புரிமை இல்லை. ஆனால் அந்தப் பம்ப்பை அப்போது பெரிய அளவில் செய்தவை இரண்டே கம்பனிகள். டெய்லர் அவற்றிடம் ஏறக்குறைய 10 கோடிப் பம்ப் வாங்க ஒப்பந்தம் போட்டார். மற்றவர்களுக்குப் பம்ப் கிடைக்க நெடுநாள் ஆனது, அதற்குள் சந்தை அவர் கையில். 1987இல் கொல்கேட் அதை வாங்கியது. 2020இல் கொரோனா வந்தபோது உலகமே அதே பாடத்தை மறுபடி படித்தது: சனிடைசர் கலக்க ஆள் இருந்தது, அதை ஊற்ற பம்ப்பும் தெளிப்புத் தலையும் தட்டுப்பாடு.

இன்றைய பூட்டுகளில் கெட்டிக்காரத்தனமானது கழிப்பறைத் துப்புரவுத் திரவம் போன்றவற்றின் சில போத்தல்களில் இருக்கிறது. தெளிப்புத் தலையின் உள் பக்கத்தில் சாய்வான பற்கள், போத்தல் கழுத்தின் அடியில் எதிர்ச் சாய்வில் பற்கள். முறுக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி ஏறும். திருப்பிக் கழற்றப் பார்த்தால் செங்குத்துப் பக்கம் மோதி நிற்கும். தொழிற்சாலையில் ஒரே தடவை பூட்டுவது, வீட்டில் திறக்க முடியாது. உள்ளே இருப்பது கையில் படக் கூடாத திரவம் என்பதால் அப்படி.

இனி நம் கரைக்கு வருவோம். கற்பிட்டிக் குடாநாட்டின் மணலுக்கு அடியில் உப்பு நீருக்கு மேலே மெல்லிய படலமாக நன்னீர் மிதக்கிறது. அந்த நீரில்தான் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைகின்றன, அதே நீரைத்தான் கிணற்றிலும் எடுக்கிறோம். போடுகிற உரம் மணலில் நிற்காமல் இறங்குகிறது. நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டிய கிணறுகளை ஆய்வாளர்கள் 1980களிலேயே இங்கே பதிவு செய்தார்கள். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. ஆகவே காசுக்குத் தண்ணீர் வாங்கும் வீடுகளில் 19 லீற்றர்ப் போத்தல் நிற்கிறது.

அந்தப் போத்தலின் மூடியை ஒருமுறை கவனியுங்கள். 55 மில்லிமீற்றர்க் கழுத்து. சில மூடிகளின் நடுவில் ஒரு சின்ன அடைப்பு இருக்கும். போத்தலைத் தலைகீழாகத் தண்ணீர் தரும் இயந்திரத்தில் வைக்கும்போது இயந்திரத்தின் முளை அந்த அடைப்பைத் தள்ளி, தன் தலையில் கவ்விக்கொள்ளும். போத்தலைத் தூக்கும்போது அதே முளை அடைப்பைத் திரும்ப ஓட்டைக்குள் செருகிவிட்டு வெளியேறும். மிச்சத் தண்ணீர் தரையில் கொட்டாது, கை படாது. காட்டின் போளையும் படகுக் குழாயின் குண்டும் செய்யும் வேலையேதான். வாங்கும்போது மூடியின் ஓரத்து வளையம் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் உரிமை. உடைந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. கனடாவின் வின்சர் நகரில் ஹென்றி பிரோ என்ற குழந்தை மருத்துவர், மருந்தை எடுத்துக் குடித்த பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து, 1967இல் பீட்டர் ஹெஜ்விக் என்பவரோடு சேர்ந்து அழுத்தித் திருகினால் மட்டுமே திறக்கும் மூடியைக் கொண்டுவந்தார். அந்தப் பகுதியில் பிள்ளைகளின் நச்சுச் சம்பவங்கள் 91 சதவீதம் குறைந்தன. 1974இல் ஒன்ராறியோ மாகாணம் அதைக் கட்டாயமாக்கியது.

நம் கரையில் மண்ணெண்ணெய் இல்லாத வீடு குறைவு. மீன்பிடி இயந்திரத்துக்கு வேண்டும், விளக்குக்கும் வேண்டும். அதை வெறும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கிறோம். மூடி நன்றாகத்தான் பொருந்துகிறது, ஆனால் அந்தப் பூட்டு குளிர்பானத்துக்காகச் செய்தது, பிள்ளை கைக்குத் திறப்பது போலவே செய்தது. அந்தப் போத்தலைக் கண்டால் பிள்ளைக்குத் தாகம்தான் நினைவு வரும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போனால் மூச்சு அடைக்கும். அதற்கு என்று ஒரு தனிக் கலன் வாங்கி, எட்டாத உயரத்தில் வையுங்கள். பிள்ளை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.