குறையை நிறைவென்று கொள்ளலாமா?



நம் காலனிப் பிள்ளைகள் பலர் கையாளும் 'சி' மொழியை, 1972-ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கினார். அதில் எழுதிய நிரல், கோப்பைப் படிக்க 'ரீட்' என்னும் அழைப்பை விடுக்கும். பத்தாயிரம் பைட்டு கேட்டால் நாலாயிரமே வரக்கூடும். அது பிழையன்று; 'இப்போதைக்கு இவ்வளவே' என்னும் விடை. சுழியம் வந்தால்தான் கோப்பு முடிந்தது. -1 வந்தால் பிழை. லினக்ஸில் எவ்வளவு கேட்பினும், ஓர் அழைப்புக்கு 2,147,479,552 பைட்டுக்கு மேல் கிடைக்காது.

வட்டிலுள்ள சிறு கோப்பில் இக்குறை அரிது. ஆகவே சோதனையிலும் தப்பிவிடும். வலைப்பின்னல் வழி வரும் தரவோ துண்டு துண்டாகவே வரும். குழாய்நீர் விட்டுவிட்டு வரும் நாளில், அரைக்குடத்தோடு திரும்பும் இல்லத்தரசி உண்டோ? வந்ததை எண்ணி, மீதியை மீண்டும் கேளாத நிரல் சம்பளப் பட்டியலைப் படித்தால், கடைசிப் பெயர்க்காரர்களுக்குச் சம்பளமில்லை!

நிரல்களைக் கட்டியமைக்கும் 'மேக்' என்னும் கருவியை 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் படைத்தார். அது கோப்பின் உள்ளே நோக்காது. திருத்திய நேரத்தையே நோக்கும். மின்சாரம் போய்ப் பாதியில் நின்ற கோப்பும் புதிய நேரத்தைத் தாங்கியிருப்பதால், முழுமையானதென நம்பிவிடும். ஆதலின் தேர்ந்தோர் தற்காலிகப் பெயரில் எழுதி, முற்றுப்பெற்ற பின்னரே உரிய பெயரை இடுவர். ஒரே கோப்பு முறைமைக்குள் நிகழும் அப்பெயர்மாற்றத்தின்போது, அப்பெயரில் திறந்து படிப்போர்க்குப் பழைய கோப்போ புதிய கோப்போ முழுதாகவே கிட்டும்.