சனிக்கிழமைக் கூலியும் கல்லூரி வாசலும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் பையன்கள் மேற்படிப்பை நாடாமைக்கு மதிப்பெண் குறைவே காரணம் என்பர் பலர். பல்லாண்டுகள் பள்ளியில் பணிபுரிந்த நாம் இதனை ஏற்பதற்கில்லை. பிளஸ் டூ தேர்வு முடிவு வருமுன்னரே அவன் முடிவு வீட்டுத் திண்ணையில் முடிந்துவிடுகின்றது.

திருப்பூரும் பல்லடமும் சோமனூரும் நமக்கு அருகில். பனியன் கம்பெனியில் பேக்கிங்கில் நிற்பவன் சனிக்கிழமை மாலை கூலியுடன் தெருவுக்குள் வருகின்றான். மாரியம்மன் நோம்பிக்குப் புதுச்சட்டை எடுக்கின்றான். கல்லூரிக்குச் சென்று திரும்பியவன் எவனும் அத்தெருவில் இல்லை. பையன் யாரைப் பார்த்து ஆசைப்படுவான்?

அண்ணல் அம்பேத்கர் 1907இல் மெட்ரிகுலேசன் தேறினார். அவர் தந்தையார் இராம்ஜி இராணுவப் பள்ளி ஆசிரியர்; மகனின் புத்தகத்துக்காக மகளின் நகையை வாங்கி அடகு வைத்தவர். அத்தகைய தந்தையர் நம்மிடையே இல்லாமல் இல்லை. ஆயினும் வழி தெரிய வேண்டுமே!

உதவிகளுக்கும் பஞ்சமில்லை. மெட்ரிக்குப் பிந்தைய உதவித்தொகை 1944 முதல் இருக்கின்றது. அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009இல் வந்தது. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேரும் மாணவர்க்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம், 2024 ஆகஸ்ட் 9 அன்று நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கப்பெற்றது. அத்தொகை கூலிக்கு ஈடாகாதுதான். பேருந்துக்கும் புத்தகத்துக்கும் தந்தையிடம் கைநீட்டாமல் இருக்க உதவும்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்கில் சிறந்த மாணவன் ஒருவனின் தந்தை நம்மிடம் வந்தார். “அக்கா கலியாணக் கடன் நிக்குதுங்க சார். ஒரு வருசம் வேலைக்குப் போகட்டும்ங்க, அப்புறம் படிக்க வெச்சுக்கறேனுங்க” என்றார். கடன்பட்டவர் முகத்தைப் பார்த்து, “சரி, போகட்டும்” என்று நாமே தலையசைத்தோம். உதவித்தொகையைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அந்த ஓராண்டு இன்னும் முடியவில்லை. நாம் மறுத்திருந்தால் அவர் கேட்டிருப்பார் என்றே இன்றும் நினைக்கின்றோம்.

அவன் தம்பி இவ்வாண்டு பிளஸ் டூ படிக்கின்றான். வரும் ஞாயிறு காலை அவ்வீட்டுக்குச் செல்கின்றோம். கல்லூரியில் பயிலும் நம் இளைஞர் இருவர் உடன்வந்தால் நலம். சாதிச் சான்று, வருமானச் சான்றுக்கான விண்ணப்பங்களை அங்கேயே எழுதி முடிக்கலாம்.